ஓய்வூதியம்: இருவரும் கூடி எடுக்க வேண்டிய முடிவு

மும்பையின் செம்பூர், மாதுங்கா பகுதித் தொழிலாளர் பலருக்கு 1995ஆம் ஆண்டின் ஊழியர் ஓய்வூதியத் திட்டமே முதுமையின் ஊன்றுகோலாகும். இருபது பேருக்கும் குறைவானோர் உழைக்கும் தாராவிப் பட்டறைகளுக்குப் பொதுவாக இப்பயன் எட்டுவதில்லை.

பத்தாண்டுப் பணி முடித்தவர் 58 வயதில் முழு ஓய்வூதியம் பெறுவர். பணியை விட்டவர் 50 வயது முதலே கோரலாம். ஆயின் குறையும் ஆண்டு ஒவ்வொன்றிற்கும் 4 சதவிகிதம் கழிக்கப்படும். 60 வரை பொறுத்தால் ஆண்டுக்கு 4 சதவிகிதம் கூடும்.

கணவர் மறைந்தபின் மனைவிக்குக் கிடைப்பது அவர் பெற்றதில் பாதியே. எனினும் 2014 முதல் அது 1,000 ரூபாய்க்குக் குறைவதில்லை. எனவே, முன்கூட்டிக் கோருபவர் மனைவியின் பிற்காலத்தையும் சேர்த்தே குறைக்கிறார். வறுமை நெருக்கும்போது அது தவிர்க்க இயலாததாகலாம். ஆயினும் 10-டி படிவத்தில் கையெழுத்திடுமுன் இருவரும் அமர்ந்து கணக்கிடுதல் கடமையாகும்.