குழந்தைக்குச் சிறுநீரக வீக்கம்: ஆபரேஷன் யாருக்கு, எப்போது?

கர்ப்பகால ஸ்கேனில் "குழந்தைக்கு கிட்னி வீங்கியிருக்கு" என்று சொன்னதும் பல வீடுகளில் தூக்கம் போய்விடுகிறது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: லேசான வீக்கம் பெரும்பாலும் தானாகவே வடிந்துவிடும். இன்று பேசப்போவது வடியாத வீக்கத்தைப் பற்றி.

சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்க்குழாய் தொடங்கும் இடம் சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே குறுகலாக இருக்கும். சிறுநீர் சரியாக இறங்காமல் தேங்கும். சிறுநீரகம் பலூன் மாதிரி உப்பும். சிக்கல் என்னவென்றால், பச்சிளம் குழந்தையிடம் வெளியே ஒன்றுமே தெரியாது. பால் குடிக்கும், சிரிக்கும், எடையும் ஏறும். "புள்ள நல்லாத்தானே இருக்கு, எதுக்கு ஸ்கேன்?" என்று பாட்டி கேட்பார். உள்ளே சிறுநீரகம் தேய்ந்துகொண்டிருக்கலாம். போன திறன் முழுசாகத் திரும்பாது.

பிறந்த இரண்டு நாளுக்குள் எடுத்த ஸ்கேனை மட்டும் நம்பாதீர்கள். அப்போது சிறுநீர் குறைவு, வீக்கமும் சின்னதாகத் தெரியும். 4 முதல் 6 வாரத்தில் மறுபடி பார்க்க வேண்டும். ஆனால் ஆண் குழந்தைக்கு இரண்டு பக்கமும் வீக்கம் இருந்தாலோ, சிறுநீர் சொட்டுச் சொட்டாகப் போனாலோ காத்திருக்கவே கூடாது. அது வேறு அடைப்பாக இருக்கலாம்.

வீக்கம் அதிகமென்றால் ரீனோகிராம் எடுப்பார்கள். இரண்டு சிறுநீரகமும் வேலையைப் பாதிப்பாதி பங்கிட்டுக்கொள்ள வேண்டும். அடைப்புள்ள பக்கத்தின் பங்கு 40 சதவீதத்துக்குக் கீழே போனாலோ, வீக்கம் கூடிக்கொண்டே வந்தாலோ பொதுவாக ஆபரேஷன்தான். பெயர் பைலோபிளாஸ்டி. குறுகலான பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, நல்ல குழாயை அகலமாக இணைத்துத் தைப்பார்கள். சில மாதக் குழந்தைக்கும் செய்யலாம். பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு மேல் அடைப்பு நீங்கிவிடுகிறது. அதற்குப் பிறகும் ஸ்கேனில் வீக்கம் மாதக்கணக்கில் தெரியும், பயப்படாதீங்க.

தையல் ஆறும்வரை உள்ளே டிஜே ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாய் வைப்பதுண்டு. வழக்கமாக 4 முதல் 6 வாரத்தில் எடுத்துவிட வேண்டும். இதைத்தான் மறக்கிறார்கள்! மறந்த ஸ்டென்டில் உப்பு படிந்து கல்லாகும். அதை எடுப்பதே இன்னொரு ஆபரேஷன் ஆகிவிடும். அதனால் வார்டை விட்டுக் கிளம்பும் முன்பே தேதியைக் கேட்டு போனில் நினைவூட்டல் வையுங்கள், அம்மா போனிலும் அப்பா போனிலும். எல்லா ரிப்போர்ட்டையும் படமெடுத்து வையுங்கள். பழையது இல்லாமல் கூடியதா குறைந்ததா என்று ஒப்பிட முடியாது.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால், அட்மிஷனுக்கு முன்பே மருத்துவமனைக் காப்பீட்டுப் பிரிவில் காட்டுங்கள். சந்தேகத்துக்கு 104. வீக்கமுள்ள குழந்தைக்குக் குளிர்க்காய்ச்சல் வந்தாலோ, பால் குடிக்காமல் துவண்டாலோ, விடியட்டும் என்று பார்க்காதீங்க, 108-ஐக் கூப்பிடுங்கள்.