மன்னிக்கிறது கையாலாகாத்தனமா?

நான் ஸ்ரீவைகுண்டத்திலேருந்து வர்றேன்.

எதிரணித் தம்பி, "மன்னிக்கிறவன் கையாலாகாதவன்"னு சொன்னார். அப்படி ஒரு அம்மாவைப் பத்திச் சொல்றேன், கேளுங்க. 1999 ஜனவரி 22 ராத்திரி, ஒரிசாவிலே மனோகர்பூர் கிராமம். வண்டிக்குள்ளே தூங்கிட்டிருந்த கிரகாம் ஸ்டெயின்ஸையும், பிலிப், திமோத்தின்னு ரெண்டு சின்னப் பையன்களையும் ஒரு கும்பல் தீ வச்சுக் கொன்னது. மனைவி கிளாடிஸுக்கு மிச்சம் மகள் எஸ்தர் மட்டும்தான். கொன்னவங்களை மன்னிச்சுட்டேன்னாங்க அந்த அம்மா. உடனே ஆஸ்திரேலியாவுக்குப் பெட்டி கட்டிடலே. பாரிபதாவிலேயே இருந்து, கணவர் கவனிச்ச தொழுநோயாளிகளை 2004 வரைக்கும் பார்த்துக்கிட்டாங்க.

வழக்கு? அது பாட்டுக்கு நடந்தது! முக்கியக் குற்றவாளியோட ஆயுள் தண்டனையை 2011லே உச்ச நீதிமன்றம் உறுதி செஞ்சது. சட்டம் வேற, மனசு வேற. (கைதட்டல்)

என் கதைக்கு வர்றேன். அப்பா வயல்லே என் பங்கைத் தரலேன்னு அண்ணன்கிட்டே ஒன்பது வருஷம் பேசலே. ஞாயிறு தவறாம ஆலயத்துக்குப் போறவதான். பரமண்டல ஜெபத்துலே மன்னிப்பு வர்ற இடத்துலே மட்டும் வாய் அசையும், சத்தம் வராது. 2023 டிசம்பர்லே தாமிரபரணி எங்க தெருவுக்குள்ளேயே வந்துட்டா. தண்ணி வடிஞ்சதும், சேத்துக் காலோட அண்ணன் வீட்டுக் கதவைத் தட்டினேன். மதினி திறந்தாங்க. அண்ணன் என்னைப் பார்த்தார்.

"சாப்பிட்டியா?"

அவ்வளவுதான் கேட்டார். அழுதுட்டேன்.

வயல் இன்னும் அவர்கிட்டேதான் இருக்கு, ஐயா. பங்கைக் கேட்கத்தான் போறேன். அண்ணன் வீட்டுத் திண்ணையிலே உட்கார்ந்து கேட்பேன். (பலத்த கைதட்டல்)