25 வருஷ விடுமுறை வேண்டுமா?

(சங்கத்தின் மூத்த உறுப்பினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



உபநிஷத்து பற்றிப் பேச இங்கே பெரியவர்கள் இருக்கிறார்கள். நான் பி.எஸ்ஸி. பௌதிகம் படித்து, ஏ.ஜி. ஆபீஸில் 36 வருஷம் ஆடிட் பார்த்தவன். எனவே கணக்கு சம்பந்தமான ஒரு சொந்த அனுபவத்தைச் சொல்கிறேன்.

2023 நவம்பரில் ஜெயநகர் கடை ஒன்றில் என் மனைவி ஒரு குலுக்கல் கூப்பனைப் பூர்த்தி செய்து போட்டாள். நாலாம் நாள் போன் வந்தது. கூர்க்கில் ஒரு ரிசார்ட்டில் இரண்டு இரவு இலவசமாம். எனக்குச் சந்தேகம்தான். ஆனால் கல்யாணமாகி 46 வருஷத்தில் நாங்கள் போன பிரயாணமெல்லாம் எல்.டி.சி.யில் காசி, ராமேஸ்வரம், இல்லாவிட்டால் உறவினர் கல்யாணம். அங்கேயும் அவளுக்கு அடுக்களைதான். அதனால் கிளம்பினோம்.

மைசூரு, ஹுன்சூர், குஷால்நகர் வழியாக மடிக்கேரிப் பக்கம். இடம் அருமை, குறை சொல்ல மாட்டேன். மறுநாள் காலை பால்கனியில் உட்கார்ந்தோம். கீழே காப்பித் தோட்டம், மேலே மூட்டம். ஒரு பையன் டிரேயில் காப்பி வைத்துவிட்டுப் போனான். பில்டர் காப்பி இல்லை, சுமார்தான். என் மனைவி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னாள்: "ஏன்னா, இந்தக் காப்பியை நான் போடலை." அவ்வளவுதான். என் ஆட்சேபணைகளில் பாதி அப்போதே கரைந்துவிட்டது.

பதினோரு மணிக்குக் கூப்பிட்டார்கள். 90 நிமிஷம் என்றது இரண்டரை மணி நேரம் ஆயிற்று. வருஷத்துக்கு 7 நாள், 25 வருஷம், வரி உள்பட நாலு லட்சம். "அங்கிள், இன்னிக்கு மட்டும்தான் இந்த விலை." அப்போது எனக்கு வயசு 74. 25 வருஷம் போனால் 99. சொன்னேன். பையன் சிரிக்காமல், "பேரக்குழந்தைகளுக்குப் போகும் அங்கிள்" என்றான்.

இது புது ஏற்பாடு இல்லை. ஸ்விட்சர்லாந்தில் ஹாப்பிமாக் நிறுவனம் 1963-லேயே இதுபோல் ஆரம்பித்தது. ஒரு ஊரில் வாங்கிய வாரத்தை வேறு ஊரில் மாற்றிக்கொள்ள 1974-இல் அமெரிக்காவில் ஆர்.சி.ஐ. வந்தது. நம் பக்கத்தில் 1986-இல் சென்னையில் ஸ்டெர்லிங், 1996-இல் மஹிந்திரா ஹாலிடேஸ். வருஷத்தைப் பர்பிள், ரெட், ஒயிட், ப்ளூ என்று சீசன்களாகப் பிரித்து, அதற்குத் தக்கபடி விலை வைத்து விற்றார்கள். இந்தப் பெயர்களைச் சரித்திரத்துக்காகத்தான் சொல்கிறேன். எங்களை அழைத்தது வேறு நிறுவனம்.

நான் கேட்டது ஒன்றே ஒன்று: ஒப்பந்த நகல் கொடுங்கள், ரூமுக்குப் போய்ப் படித்துவிட்டு வருகிறேன். பணம் கட்டிய பிறகுதான் தருவோம் என்றார்கள். அங்கேயே உட்கார்ந்து படிக்கிறேன் என்று பிடிவாதம் பிடித்தேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு தந்தார்கள். நம் இலாகாவில் சின்ன எழுத்தைத்தான் முதலில் படிப்போம். இடம் காலியாக இருந்தால்தான் அறை. போனாலும் போகாவிட்டாலும் வருஷாந்திரப் பராமரிப்புக் கட்டணம் உண்டு. பேரனுக்கு உரிமை போனால் இந்தக் கட்டணமும் கூடவே போகும். வேண்டாமென்றால் விற்றுவிடலாம் என்று பையன் வாயால் சொன்னது எங்கேயும் எழுத்தில் இல்லை.

அங்கேயே காகிதத்தில் கணக்குப் போட்டேன். நாலு லட்சத்தை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டால், அப்போது 8.2 சதவிகிதம், வருஷம் ரூ. 32,800 வட்டி. பராமரிப்பு ரூ. 20,000, அதன்மேல் 18 சதவிகித ஜி.எஸ்.டி. சேர்த்து ரூ. 23,600. மொத்தம் 56,400. ஏழால் வகுத்தால் ஒரு இரவுக்கு எட்டாயிரத்துக்குச் சற்று மேல். சாப்பாடு தனி. அதே ஊரில் நல்ல ஓட்டலில் ஆறாயிரத்துக்கு அறை கிடைத்தது, நானே போன் செய்து கேட்டேன். தவிர பராமரிப்புக் கட்டணம் வருஷம் 6 சதவிகிதம் ஏறினால், 72-ஐ ஆறால் வகுத்துக்கொள்ளுங்கள், 12 வருஷத்தில் இரட்டிப்பு. நாலு லட்சமும் கடைசியில் திரும்பாது. என் வட்டிக் கணக்கில் முதல் அப்படியே இருக்கும்.

வருஷா வருஷம் தவறாமல் போகிற, பள்ளிக்கூடக் குழந்தைகள் உள்ள நாற்பது வயதுக்காரருக்கு இது லாபமாக இருக்கலாம். அதை மறுக்கவில்லை.

ஐரோப்பிய யூனியனில் 2008-இல் வந்த விதிப்படி, கையெழுத்துப் போட்ட பின் 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே விலகலாம். அதற்குள் முன்பணம் வாங்கவும் கூடாது. நம் நாட்டில் டைம்ஷேருக்கென்று தனிச் சட்டம் கிடையாது. ஏற்கெனவே கட்டிவிட்டவர்கள் மனம் தளர வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. முதலில் 1915-க்குப் போன் செய்து விசாரியுங்கள்.

வாங்கவில்லை என்று சொன்னதும் அதுவரை வந்துகொண்டிருந்த ஜூஸ் நின்றது. திரும்பி வரும்போது மைசூரு வரை என் மனைவி பேசவில்லை. கணக்கு அவளுக்கும் புரியும், என்னைவிட நன்றாகவே. அவளுக்கு வருத்தம் நாலு லட்சத்தைப் பற்றி இல்லை, அந்த டம்ளரைப் பற்றி. ஸ்ரீரங்கப்பட்டணம் தாண்டும்போதுதான் எனக்கு அது உறைத்தது.

மறுவாரமே தபால் ஆபீஸில் நாலு லட்சத்தைப் போட்டேன். மூன்று மாதத்துக்கு ஒரு முறை ரூ. 8,200 வருகிறது. அதற்கென்று தனிப் பாஸ்புக், அது அவளிடம்தான் இருக்கிறது. வீட்டுச் செலவுக்கு அதைத் தொடக்கூடாது என்பது நிபந்தனை. போன வருஷம் சிக்மகளூரில் நாலு நாள் இருந்தோம். இந்த வருஷம் எந்த ஊர் என்று இன்னும் எனக்குத் தெரிவிக்கப்படவில்லை.

வேறு சந்தேகம் இருந்தால் காப்பி இடைவேளையில் கேளுங்கள். ஒப்பந்தப் பத்திரம் கையில் இருப்பவர்கள் கொண்டுவாருங்கள், மூக்குக்கண்ணாடி கொண்டுவந்திருக்கிறேன்.