விலை எழுதாத பொம்மை



சென்ற மாதம் ஒரு காலை, விக்டோரியா லைன் ரெயினில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். வால்தம்ஸ்டோ சென்ட்ரல் கடைசி நிலையம் என்பதால் எப்போதும் இருக்க இடம் கிடைக்கும். வழக்கம்போலப் பையில் இருந்த ஊசிகளையும் கம்பளி நூலையும் எடுத்துப் பின்னத் தொடங்கினேன். எதிரே இருந்த ஒரு பெண் சிரித்தார். எங்கள் ஊர்ப்பக்கம்தான்.

"அக்கா, உந்தப் பொம்மை வடிவா இருக்கு. என்ன விலைக்குக் குடுக்கிறீங்கள்?"

"விற்கிறதில்லை தங்கச்சி."

"பிறகேன் மினைக்கெடுறீங்கள்?"

அதற்குள் நான் இறங்க வேண்டிய நிலையம் வந்துவிட்டது. அந்தத் தங்கச்சிக்குச் சொல்லாமல் விட்ட பதிலைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

நான் தொழிலால் ஒரு கணக்காளர். எனவே முதலில் கணக்கையே பார்ப்போம். என் பொம்மை நடுவிரலை விடக் கொஞ்சம் நீளம். அதைப் பின்னி, பஞ்சு அடைத்து, தைத்து முடிக்க மூன்று மணித்தியாலம் ஆகிறது. இந்த நாட்டில் 2025 ஏப்ரலில் 21 வயதும் அதற்கு மேலும் உள்ளோருக்கு நிர்ணயித்த ஆகக் குறைந்த கூலி மணிக்கு 12 பவுண்ட் 21 பென்ஸ். அதன்படி கூலி 36 பவுண்ட் 63 பென்ஸ். நூலுக்கும் பஞ்சுக்கும் ஒரு பவுண்ட் போடுங்கள். 37 பவுண்ட் 63 பென்ஸ் அடக்கவிலை. எங்கள் ஹை ஸ்ட்ரீட் சந்தையில் இதைவிட நான்கு மடங்கு பெரிய பொம்மையை ஐந்து பவுண்டுக்கு வாங்கலாம். இலாப நட்டக் கணக்கு எழுதினால் நட்டம் என்ற ஒரு சொல்லோடு முடிந்துவிடும்.

இந்த நட்டத் தொழிலுக்கு நான் வந்த கதை எங்கள் வீட்டு லொஃப்டில் தொடங்குகிறது.

மகள் திருமணமாகித் தனி வீடு போனபின் லொஃப்டைத் துப்புரவாக்க ஏறினேன். பதினாலு பெட்டிகள். கழுவி வைத்த ஐஸ்கிறீம் டப்பாக்கள், மடித்து வைத்த பிளாஸ்ரிக் பைகள், உடைந்த குடைகள், முழங்கை தேய்ந்த சுவெட்டர்கள். முக்கால்வாசியும் அம்மா சேர்த்தவை. அந்த நாட்களில் எளிய வாழ்க்கை பற்றிய புத்தகங்களை விரும்பிப் படித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் பொருள் குறைந்தால் மனதில் பாரம் குறையும் என்று அவற்றில் எழுதியிருந்தது. அந்த வேகத்தில், "அம்மா, இதெல்லாம் குப்பை. நாளைக்கு எறியப் போறன்" என்று சொல்லிவிட்டேன்.

அம்மா கோபிக்கவில்லை. கதிரையில் இருந்தபடி மெல்லச் சொன்னா: "நான் விட்டிட்டு வந்தது காணும் பிள்ளை. இனியும் எறியச் சொல்லாதை."

1995 ஒக்டோபர் 30 இரவை உங்களில் பலருக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. வலிகாமம் முழுவதும் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்த இரவு. நாங்கள் மூன்று பைகளோடு வெளிக்கிட்டோம். காணி உறுதி, படிப்புச் சான்றிதழ்கள், கொஞ்ச அரிசி, ஒரு கேத்தல். அம்மாவின் சிங்கர் தையல் மெசின் அறைக்குள் நின்றது. அதன்மேல் ஒரு துணியைப் போட்டு மூடிவிட்டுத்தான் அம்மா கதவைப் பூட்டினா. அந்த மெசினை நாங்கள் பிறகு காணவில்லை.

அதற்குப் பிறகு நான் படித்த புத்தகங்களை வேறு கண்ணோடு பார்க்க வேண்டி வந்தது. அவற்றை எழுதியவர்களில் அநேகர் நிறைய வைத்திருந்து, தாங்களாக விரும்பிக் குறைத்தவர்கள். எங்களிடம் யாரும் விருப்பம் கேட்கவில்லை. எங்களுக்கு எளிமை ஒரே இரவில் வந்து சேர்ந்தது. பறிகொடுத்தவரிடம் போய் "விட்டுவிடு, மனம் லேசாகும்" என்றால் அது எப்படி உள்ளே இறங்கும்?

எங்கள் வால்தம்ஸ்டோவிலேயே இதற்கு ஓர் உதாரணம் உண்டு. லொயிட் பூங்காவில் வில்லியம் மொறிஸ் கலைக்கூடத்தைப் பார்த்திருப்பீர்கள். மொறிஸ் 1834இல் இந்த ஊரில் பிறந்தவர். 1848 முதல் 1856 வரை அவருடைய குடும்பம் வாழ்ந்த வீடுதான் 1950இல் கலைக்கூடமாகத் திறக்கப்பட்டது. வீட்டில் உள்ள ஒவ்வொரு பொருளையும் பார்த்து, இதனால் பயன் உண்டா, இது அழகா என்று கேட்கச் சொன்னவர் அவர். இயந்திரப் பொருட்கள் குவிந்த காலத்தில் கைவேலையின் மதிப்பைப் பேசினார். ஆனால் அவருடைய நிறுவனத்தின் கைவேலைப் பொருட்களை வாங்கப் பெரும்பாலும் வசதி உள்ளவர்களால்தான் முடிந்தது. அந்த முரண்பாடு அவரையே உறுத்தியது. என் பொம்மையின் 37 பவுண்ட் கணக்கும் இதே இடத்தில்தான் முட்டி நிற்கிறது. கைவேலைக்கு நியாயமான விலை போட்டால், அது தேவைப்படுபவரால் வாங்க முடியாது.

இந்த முடிச்சை அவிழ்க்க எனக்கு வழி காட்டியவர் இன்னொரு கணக்காளர். தஞ்சாவூரில் 1892இல் பிறந்த ஜே. சி. குமரப்பா. இதே லண்டனில் கணக்காய்வுத் தொழில் பயின்று, பம்பாயில் அலுவலகம் நடத்தியவர். பின்னர் அமெரிக்கா சென்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொது நிதி படித்தார். 1929இல் காந்தியைச் சந்தித்த பிறகு மேல்நாட்டு உடையையும் தொழிலையும் விட்டுக் கிராமக் கைத்தொழில்களுக்காகவே உழைத்து, 1960இல் மறைந்தார். சிறையில் இருந்தபோது, நிலைத்து நிற்கும் பொருளாதாரம் எது என்று ஒரு நூல் எழுதினார். சென்னை போய்வந்த நண்பி ஒருவர் அதைக் கொண்டுவந்து தந்தார்.

அதில் குமரப்பா பொருளாதாரத்தை ஐந்து படிகளாகப் பிரிக்கிறார். கொன்று தின்னும் புலி முதற்படி. நட்டு வளர்க்காமல் மாந்தோப்பில் புகுந்து பறிக்கும் குரங்கு அடுத்தது. தன் உழைப்பில் கூடு கட்டும் பறவை மூன்றாவது. கூட்டத்துக்காகத் தேன் சேர்க்கும் தேனீ நான்காவது. திருப்பி எதையும் எதிர்பாராமல் குஞ்சுக்கு இரை ஊட்டும் தாய்ப்பறவைதான் மேலான படி. இதை வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இருபத்தைந்து வருடமாக நான் எழுதிய பேரேடுகளில் அந்தத் தாய்ப்பறவைக்கு ஒரு பத்தி கூட இல்லையே!

அந்தப் பத்தியை எழுதிக் காட்டிய பெண்களும் இருக்கிறார்கள். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை எங்கள் முல்லைத்தீவையும் மட்டக்களப்பையும் அழித்த அதே நாளில் தமிழ்நாட்டுக் கரையையும் அழித்தது. அப்போது நாங்களும் பெட்டி பெட்டியாகப் பழைய உடுப்புகளைக் கட்டி அனுப்பினோம். நாகப்பட்டினத்துப் பக்கம் வந்து சேர்ந்த பழந்துணிகள் யாருக்கும் உதவாமல் தெருவோரத்தில் குவிந்து கிடந்ததைப் பிறகு செய்திகளில் பார்த்தோம். கொடுக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு, எங்கள் அலுமாரியைத்தான் துப்புரவாக்கினோமோ என்று எனக்கு இன்றைக்கும் ஒரு கேள்வி உண்டு.

அதே காலத்தில், புதுச்சேரிக்கு அருகே ஓரோவில்லில் உபாசனா என்ற உடை வடிவமைப்பு நிலையத்தை நடத்திய உமா பிரஜாபதி வேறொரு வழியைப் பிடித்தார். கரையோரக் கிராமங்களில் அலையின் அதிர்ச்சியில் இருந்து மீளாத மீனவப் பெண்களைக் கூட்டி, வெட்டி மிஞ்சிய துணித் துண்டுகளில் சின்னஞ்சிறு பொம்மை செய்யப் பழக்கினார்கள். பெருவிரல் அளவுதான். பெயர் சுனாமிகா. நூற்றுக்கணக்கான பெண்கள் பழகினார்கள். செய்த வேலைக்கு அவர்களுக்குக் கூலி கொடுக்கப்பட்டது. ஆனால் பொம்மைக்கு விலை கிடையாது. பரிசாகவே கொடுத்தார்கள். விரும்பியவர்கள் நன்கொடை கொடுத்தார்கள், அதில் இருந்தே கூலியும் போனது. சுனாமிகா லட்சக்கணக்கில் பல நாடுகளுக்குப் போய்ச் சேர்ந்தாள். நேற்றுவரை நிவாரணத்துக்குக் கை நீட்டி நின்றவர்கள், உலகத்துக்குக் கொடுப்பவர்களாக மாறினார்கள்.

கனடாவில் இருக்கும் எங்கள் உறவினர்கள் இசி பொம்மையைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கலாம். மார்க் இஸ்ஃபெல்ட் என்ற கனடிய அமைதிப்படை வீரருக்கு அவருடைய தாயார் சிறிய பொம்மைகளைப் பின்னி அனுப்புவார். அவர் போன இடங்களில் குழந்தைகளுக்கு அவற்றைக் கொடுப்பார். 1994இல் குரோஷியாவில் கண்ணிவெடி அகற்றும் பணியில் அவர் இறந்தார். தாயார் பின்னுவதை நிறுத்தவில்லை. பிறகு கனடா முழுவதும் பெண்கள் பின்னத் தொடங்கினார்கள்.

இவற்றை அம்மாவுக்குச் சொன்னேன். கேட்டுவிட்டு, லொஃப்டில் இருந்த சுவெட்டர் பெட்டியை இறக்கித் தரச் சொன்னா. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு சிறிய தொழிற்சாலை நடக்கிறது.

நீங்களும் செய்யலாம். கையால் பின்னியதுபோலத் தையல் ஓரம் உள்ள சுவெட்டராகப் பாருங்கள். இயந்திரத்தில் வெட்டி ஓரம் அடித்தவை துண்டு துண்டாகத்தான் வரும். தையலைப் பிரித்து, பின்னல் முடிந்த பக்கத்தில் இருந்து இழுத்தால் நூல் ஓடி வரும். அதைக் கதிரை முதுகில் சுற்றி, நாலு இடத்தில் கட்டி, இளஞ்சூட்டு நீரில் நனைத்துத் தொங்கவிட்டால் நெளிவு போய்விடும். நடுத்தரத் தடிப்பு நூல் என்றால் ஊசியில் 24 கண்ணி போடுங்கள். சப்பாத்துக்கு 4 வரிசை, காற்சட்டைக்கு 8, சட்டைக்கு 10, முகத்துக்கு 6, தொப்பிக்கு 6. நிறம் மாற்றி மாற்றிப் பின்னினால் ஒரே நீள்சதுரமாக வரும். அதைச் சுருட்டித் தைத்து, பஞ்சு அடைத்து, உச்சியைச் சுருக்கி மூடி, கழுத்தில் ஒரு நூல் ஓட்டி இழுத்தால் பொம்மை எழுந்து நிற்கும். கண்ணுக்குப் பொத்தான் வைக்க வேண்டாம், சிறு பிள்ளைகள் விழுங்கிவிடுவார்கள். நூலாலேயே தைத்துவிடுங்கள்.

முதலில் நான் பெரிய பொம்மைதான் பின்னினேன். அம்மா அதைக் கையில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னா: "உவ்வளவு பெரிசு வேண்டாம். ஓட வேண்டி வந்தால் பிள்ளை தானே காவிக்கொண்டு போகவேணும்."

எங்கள் பொம்மைகள் ஏன் நடுவிரல் அளவு என்பதற்கு இதுதான் காரணம்.

அவற்றை, அகதி விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருக்கும் குடும்பங்கள் கூடும் ஓர் இடத்துக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறோம். மார்கழியில் அம்மாவும் வந்தா. நாலு வயது இருக்கும் ஒரு பெண்குழந்தை. என்ன மொழி என்று எங்களுக்குத் தெரியாது. நீலத் தொப்பிப் பொம்மையை எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மேற்சட்டைப் பைக்குள் வைத்துப் பையை மேலால் பொத்திப் பிடித்துக்கொண்டாள். அந்த நீலம் என் கணவரின் முதல் சுவெட்டர். 1997 குளிரில் சரிற்றிக் கடையில் வாங்கியது. பதினாலு பெட்டிகளில் ஒன்றாகக் கிடந்த அதைத்தான் நான் குப்பை என்றேன்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது அம்மா கேட்டா: "மிச்ச உடுப்புகளிலை வேறை எது பிரிக்கலாம் எண்டு பாப்பமா?"

லொஃப்டில் இப்போது ஒன்பது பெட்டிகள். ஒன்றையும் நாங்கள் எறியவில்லை. ஐஸ்கிறீம் டப்பாக்கள்கூடப் பொம்மை அடுக்கிக் கொண்டுபோகப் போய்விட்டன. எளிமையாக வாழ்வது என்பதற்கு எங்கள் வீட்டில் இப்போது இதுதான் அர்த்தம். ஒரு பொருள் யாருக்குத் தேவை என்று கண்டுபிடித்து, அவர் கையில் சேர்ப்பது. அப்படிப் போகும்போது அம்மாவுக்கு எதையும் விட்டுவிட்டு வருவதாகத் தோன்றவில்லை.

ரெயினில் கேட்ட தங்கச்சி, நீங்கள் இந்த வானொலி கேட்பவராக இருந்தால் இதுதான் பதில். ஐந்தொகையில் சொத்துப் பக்கத்தில் நன்மதிப்பு என்று ஒரு வரி எழுதுவோம். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் சொத்துத்தான். பொம்மையை நான் அங்கே எழுதியிருக்கிறேன், தொகை போடாமல்.

நேயர்களே, உங்கள் வீட்டிலும் ஓர் அம்மாவோ அம்மம்மாவோ பெட்டி பெட்டியாகச் சேர்த்து வைத்திருப்பா. எறிவதற்கு முன் ஒருமுறை பக்கத்தில் இருந்து, "இது எதற்கு வைத்திருக்கிறீங்கள்?" என்று கேளுங்கள். அவ சொல்லும் பதிலை முழுவதும் கேட்டுவிட்டு, பிறகு இரண்டு பேருமாகப் பெட்டியைத் திறவுங்கள்.

அடுத்த மாதம் சந்திப்போம்.