வெத்துத்தாளில் கைநாட்டு

எழுதாத தாளில் கையெழுத்துப் போடாதீங்கன்னு வங்கியில் தினமும் சொல்றவன் நான். எங்க சேரியில் அம்மா, கிராமசபைப் பதிவேட்டில் வெத்துத்தாளுக்குக் கைநாட்டு வச்சிட்டு வந்துச்சு. நாங்க கேட்ட தண்ணிக்குழாய் தீர்மானத்தில் ஏறவே இல்ல.

ஏறினால் மட்டும் போதுமா? மராட்டியத்தில் மகாத் நகராட்சி, சவுதார் குளம் எல்லாருக்கும் பொதுன்னு 1924இல் தீர்மானம் போட்டது. தீர்மானம் தாளிலேயே கிடந்தது. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் தலைமையில் நம்ம ஜனம் நடந்துபோய் அள்ளிக் குடித்தது. அடி விழுந்தது, திருப்பி அடிக்க அவர் விடவில்லை. வழக்கு வருஷக்கணக்கில் நடந்து, 1937இல் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் ஜெயிச்சோம்.

அக்டோபர் 2 கிராமசபைக்குக் கோரிக்கையை எழுதிட்டு வாங்க. பதிவேட்டை வாசிக்கச் சொல்லிக் கேட்டப்புறம் கையெழுத்து. அப்பவும் குழாய் வரலைன்னா குடத்தோட சேர்ந்து நடப்போம். யாரையும் அடிக்கவும் வேண்டாம், கும்பிடவும் வேண்டாம்.