மற்ற வள்ளங்கள்: வீட்டில் சொல்லும் விவிலியக் கதைகள்



பிள்ளைகளுக்கு விசுவாசத்தை யார் கற்றுக்கொடுப்பது என்று கேட்டால், 'அதுதான் ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்விக்கு அனுப்புறோமே' என்று சட்டென்று பதில் வருகிறது. நம் முட்டத்துக் கரையில் அது தொடங்கிய விதமே வேறு. 1544-ஆம் ஆண்டுக் கடைசியில் புனித பிரான்சிஸ் சவேரியார் பூவார் தொடங்கிப் பள்ளம் வரை முக்குவ மீனவர் ஊர்களில் நடந்தார். முட்டமும் அந்த வரிசையில் உண்டு. ஒரே மாதத்தில் பத்தாயிரம் பேருக்குமேல் திருமுழுக்குக் கொடுத்ததாக அடுத்த ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதினார். அத்தனை பேருக்கும் சொல்லிக்கொடுக்க ஆள் எங்கே?

இங்கே வருமுன் முத்துக்குளித்துறையிலேயே அதற்கு அவர் ஒரு வழி கண்டிருந்தார். கையில் மணியை ஆட்டிக்கொண்டு ஊரைச் சுற்றி வருவார். கூடுகிற பிள்ளைகளுக்குத் தமிழில் ஆக்கிவைத்த மந்திரங்களைப் பாடமாக்குவார். வீட்டுக்குப் போய் அப்பா, அம்மா, அக்கம்பக்கத்தார் எல்லோருக்கும் அதைச் சொல்லிக்கொடுப்பது பிள்ளைகளின் வேலை. நோயாளி வீட்டிலிருந்து ஆள் வந்து, தம்மால் போக முடியாவிட்டால் பிள்ளைகளையே அனுப்பினார். அவர்கள் வீட்டாரையும் அயலாரையும் கூட்டி வைத்து விசுவாச மந்திரம் சொன்னார்கள். பலர் குணமானார்கள் என்று அவரே எழுதியிருக்கிறார். ஆக, நம் கடலோரத்தில் வீட்டு மறைக்கல்வியின் முதல் ஆசிரியர்கள் சிறு பிள்ளைகள்தான்!

ஆனால் அவர் கொடுத்தது மந்திரங்கள், கதைகள் அல்ல. அண்ட்ரிக் அடிகளார் 1578-இல் கொல்லத்தில் அச்சிட்ட 'தம்பிரான் வணக்கம்' 16 பக்கச் சிறுநூல், அதுவும் மனப்பாடத்துக்கானதுதான். கதை சொல்வது பாட்டிமாரின் பங்காகிவிட்டது என்றே நினைக்கிறேன். இன்று அந்தப் பங்கைக் கைப்பேசி வாங்கிக்கொண்டது. அதில் வரும் பொம்மைப் படங்களில் இயேசு எப்போதும் சிரிக்கிறார், கை நீட்டுகிறார், கடல் அடங்குகிறது. இரண்டே நிமிடம்.

அந்தக் கதையையே எடுத்துக்கொள்வோம். மாற்கு நற்செய்தி நான்காம் அதிகாரம். வள்ளத்தின் பின்பக்கம் இயேசு தலையணை வைத்துத் தூங்குகிறார். தலையணையைச் சொல்வது மாற்கு ஒருவரே. கலிலேயாக் கடல் என்பது உண்மையில் ஏரி: 21 கிலோமீட்டர் நீளம், கடல்மட்டத்துக்கு 200 மீட்டருக்கும் கீழே, சுற்றிலும் மேடு. காற்று இறங்கினால் சட்டென்று கொந்தளிக்கும். 1986-இல் வறட்சியில் அந்த ஏரி வற்றியபோது, சேற்றுக்குள் அந்தக் காலத்து வள்ளம் ஒன்று கிடைத்தது. எட்டு மீட்டருக்குச் சற்றுக் கூடுதல் நீளம், இரண்டேகால் மீட்டர் அகலம். முற்றத்தில் கரித்துண்டால் அந்த அளவுக்குக் கோடு போட்டு, பிள்ளைகளை உள்ளே உட்கார வையுங்கள். பதின்மூன்று பேர் எப்படி நெருக்கி உட்கார்ந்தார்கள், தண்ணீர் ஏறினால் எங்கே ஒதுங்குவார்கள் என்று அவர்களே பேச ஆரம்பிப்பார்கள்.

'அவரோடு வேறு வள்ளங்களும் போயின' என்ற செய்தியும் மாற்குவில்தான் இருக்கிறது. அந்த வள்ளங்கள் பிறகு கதையில் வருவதே இல்லை. மதுரையில் வளரும் குழந்தைக்கு அது உறுத்தாது. முட்டத்துப் பிள்ளை விடுமா? 'அந்த மற்ற வள்ளங்கள்?' என்று கேட்கும். கேட்க வேண்டும். 2017-இல் ஒக்கிப் புயல் அடித்தது நவம்பர் 30-ஐ ஒட்டி. கோட்டாறு சவேரியார் திருவிழா நடந்துகொண்டிருந்த நாள்கள். நேர்ச்சையும் செபமும் மாவட்டம் முழுக்க நிறைந்திருந்த அதே வாரத்தில்தான் பலருடைய வள்ளம் திரும்பவில்லை. 2004-இல் கடல் ஊருக்குள் புகுந்ததோ கிறிஸ்மஸுக்கு மறுநாள். 'செபம் பண்ணினால் அப்பாவுக்கு ஒன்றும் வராது, நல்ல மீன்பாடும் கிடைக்கும்' என்று சொல்லி வளர்த்த பிள்ளைக்கு அந்த நாள்களில் என்ன பதில் வைத்திருந்தோம்? ஆறுதலுக்காகச் சொன்னதுதான், ஆனால் பிள்ளை அதை உறுதிமொழியாக எடுத்துக்கொண்டது. அப்பா வராதபோது, தன் செபத்தில்தான் குறை என்று அது நினைத்துக்கொள்ளும். அதைவிடக் கொடுமை வேறு இல்லை.

விவிலியம் இவ்வளவு கூச்சப்படவில்லை. திருத்தூதர் பணிகள் பன்னிரண்டாம் அதிகாரத்தைப் பாருங்கள். யாக்கோபும் பேதுருவும் கலிலேயாவில் தொழில் பங்காளிகள், லூக்கா சொல்கிறார். ஏரோது யாக்கோபை வாளால் கொன்றான். பேதுருவையோ வானதூதர் சிறையிலிருந்து கூட்டி வருகிறார். ஒரே அதிகாரம், ஒரே சபை. ஒருவருக்குப் புதுமை, இன்னொருவருக்கு வாள். ஏன் என்று ஒரு வரிகூட விளக்கம் இல்லை. நாம் என்ன செய்கிறோம்? யாக்கோபை விட்டுவிட்டுப் பேதுருவை மட்டும் சொல்கிறோம். இரண்டையும் சொல்லுங்கள். அதிலேயே சிரிப்பும் இருக்கிறது: கதவைத் தட்டும் பேதுருவின் குரல் கேட்ட வேலைக்காரச் சிறுமி, சந்தோஷத்தில் கதவைத் திறக்காமலே உள்ளே ஓடிவிடுகிறாள்! உள்ளே அவருக்காகச் செபித்துக்கொண்டிருந்தவர்களே 'உனக்குப் பைத்தியமா' என்கிறார்கள். செபித்தவர்களே நம்பவில்லை. பிள்ளைகளுக்கு இது ரொம்பப் பிடிக்கும்.

பவுலின் கப்பல் மால்டாவில் மோதிய கதையும் நம்மூருக்கென்றே எழுதியதுபோல் இருக்கும். விழுது விட்டு இருபது பாகம், பதினைந்து பாகம் என்று ஆழம் பார்க்கிறார்கள். கப்பல் போய்விட்டது, 276 பேரும் கரை சேர்ந்தார்கள். சிலர் நீந்தி, சிலர் பலகையைப் பிடித்து. கடல் அடங்கவில்லை, யாரும் அதட்டவுமில்லை. இது புதுமையா என்று பிள்ளையிடமே கேளுங்கள். என்ன பதில் வந்தாலும் திருத்த வேண்டாம்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் குடும்பத்தை இல்லத் திருச்சபை என்றது; பெற்றோரே பிள்ளைகளுக்கு முதல் நற்செய்திப் பணியாளர் என்றது. அன்பியக் கூட்டங்களில் இதைப் பலமுறை கேட்டிருக்கிறோம், தலையாட்டியிருக்கிறோம். நான் கேட்பது சின்ன விஷயம். இந்த ஊரில் எண்பது தாண்டிய பாட்டிமார் இருக்கிறார்கள். யோனாவையும் பேதுருவையும் அவர்கள் சொல்லும் விதத்தை, அவர்கள் பேச்சிலேயே கைப்பேசியில் பதிந்து வையுங்கள். வார்த்தைக்கு வார்த்தை விவிலியத்தோடு ஒத்துப்போகாவிட்டால் பரவாயில்லை. ஆண்டுதோறும் மனப்பாடப் போட்டிக்குத் தரும் பரிசுப் பணத்தில் ஒரு பாதியை அடுத்த ஆண்டிலிருந்து இதற்குத் திருப்பிவிடலாமா என்று பொறுப்பாளர்கள் யோசித்துச் சொல்லுங்கள்.