பால் அலம்பாத ஏற்றம்

சில வாரங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடியற்காலை நாலரை மணிக்கு ராஜபாளையத்தில் எங்கள் சைக்கிள் குழு கூடியது. புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பி வந்திருந்தான். இரண்டு விரலால் தூக்கிவிடலாம் போன்ற வண்டி, கைப்பிடியில் ஒரு சின்னத் திரை. வந்ததும் கேட்ட முதல் கேள்வி: "அக்கா, இன்னைக்கு ஆவரேஜ் எவ்வளவு போவோம்?"

எந்த ஊருக்குப் போகிறோம், எந்தப் பாதையில் போகிறோம் என்று அவன் கேட்கவில்லை. அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. இந்தப் புதுப் பழக்கத்தின்மேல்தான் கோபம். திருமங்கலம் – கொல்லம் நெடுஞ்சாலையில் லாரிக்குப் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு முப்பது கிலோமீட்டர் போய்த் திரும்பி, திரையில் வந்த எண்ணை எல்லோருக்கும் அனுப்பிவிட்டால் அதற்குப் பெயர் சைக்கிள் பயணமா? அப்படிப் பழகிய கால் ஒரு நல்ல ஏற்றத்தில் பத்து நிமிடம் தாங்காது. நான் இன்று பேச வந்தது அந்த ஏற்றத்தைப் பற்றி.

சைக்கிள் ஓட்டத் தெரிந்தவர்களிடம்தான் பேசுகிறேன். குரங்குப் பெடல் போட்டு, முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு, வாடகை சைக்கிளுக்கு மணிக்கணக்கில் காசு கொடுத்துப் பழகியவர்கள் நம்மில் நிறையப் பேர். அதனால் அடிப்படைக்குள் போகவில்லை.

முதலில் பாதை. ராஜபாளையத்துக்காரர்களுக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கும் மேற்கே மலை எப்போதும் கண்ணெதிரே நிற்கிறது. ஆனால் அந்த மலைக்குள் நாம் சைக்கிளை விடுவதில்லை, விடவும் கூடாது. 1988-இல் சாம்பல் நிற அணிலுக்கென்று சரணாலயம் ஆனது. 2021-இல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமும் ஆகிவிட்டது. அது அவற்றின் வீடு. ஆகவே ஏற்றம் தேடி நாங்கள் வடக்கே போகிறோம். நெடுஞ்சாலையை விட்டு மம்சாபுரம் வழியாக ஸ்ரீவில்லிபுத்தூர், பிறகு கிருஷ்ணன்கோவில், வத்திராயிருப்பு, சாப்டூர், எழுமலை, கடைசியில் மல்லப்புரம். அங்கிருந்து மயிலாடும்பாறைக்கு ஏறுகிறது மலைச்சாலை. போக மட்டும் அறுபது கிலோமீட்டருக்கு மேல்.

இந்தப் பாதையில் ஒரு அழகு உண்டு. காலையிலிருந்து மலை உங்கள் இடது கைப்பக்கமே வரும். மாந்தோப்புக்குப் பின்னால் வரும், தென்னைக்குப் பின்னால் வரும், வத்திராயிருப்பு வயலுக்கு அந்தப் பக்கம் சதுரகிரியாக வரும். மல்லப்புரத்தில் சாலை மேற்கே திரும்பும்போதுதான் மலை நேருக்கு நேர் வந்து நிற்கும். நாலு மணி நேரம் பக்கத்திலேயே நடந்து வந்த ஆள் சட்டென்று முன்னால் வந்து வழிமறித்ததுபோல் இருக்கும். நெடுஞ்சாலையில் போகிறவனுக்கு அந்த நாலு மணி நேரம் கிடைக்காது.

சரி, ஏற்றம். ஏற்றம் என்றால் எனக்கு என் பெரியப்பா ஞாபகம்தான் வரும்.

பெரியப்பா மம்சாபுரத்துப் பக்கம் வீடு வீடாகப் பால் எடுத்து, ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா போடுகிற இடங்களுக்குக் கொண்டு போனவர். கேரியருக்கு இரண்டு பக்கமும் இருபது லிட்டர் கேன். மொத்தம் நாற்பது லிட்டர். கேனின் எடையையும் சேர்த்துப் பாருங்கள். கியர் இல்லாத கறுப்பு வண்டி. வழியில் ஒரு கண்மாய்க் கரை. நீளம் கொஞ்சம்தான், ஆனால் நிமிர்ந்து நிற்கும். நாங்கள் பிள்ளைகள் வெறும் வண்டியிலேயே அந்த இடத்தில் எழுந்து நின்று, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வண்டியைச் சாய்த்துச் சாய்த்து மிதிப்போம். பாதியில் இறங்கி உருட்டுவோம். பெரியப்பா சீட்டை விட்டு எழுந்து நான் பார்த்ததே இல்லை. தோள் அசையாது, தலை அசையாது. இடுப்புக்குக் கீழே கால் மட்டும் சின்னச் சின்னதாகச் சுற்றிக்கொண்டிருக்கும். பாட்டுக்குத் தாளம் போடுகிற மாதிரி ஒரே காலப்பிரமாணம்.

ஒருநாள் கேட்டேன், "எப்படிப் பெரியப்பா?" என்று. அவர் சொன்னது ஒரே வார்த்தை: "பால் அலம்பக் கூடாதுத்தா."

மறுபடி சொல்கிறேன். பால் அலம்பக் கூடாது. ஏற்றக் கலை முழுதும் இதற்குள் இருக்கிறது.

ஏன் என்று பாருங்கள். எழுந்து நின்று மிதித்தால் உடம்பு ஆடும். உடம்பு ஆடினால் கேன் ஆடும். உள்ளே பால் ஒருபக்கம் போய் மோதினால் வண்டியை அது இழுக்கும், அதை நேராக்க இன்னும் பலம் வேண்டும். பாலும் மூடி வழியாகக் கசியும். கசிந்தால் அன்றைய காசு போயிற்று. அதனால் பெரியப்பாவின் உடம்பு தானாகவே சரியான வழியைக் கண்டுபிடித்துக்கொண்டது.

அவர் வண்டியில் இன்னொரு சூட்சுமமும் இருந்தது. சாதாரணக் கறுப்பு வண்டியில் முன்னால் 44 பல், பின்னால் 18 பல் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெடல் ஒரு சுற்று வந்தால் வண்டி ஏறக்குறைய 5.4 மீட்டர் ஓடும். பெரியப்பா பின்னால் 22 பல் ப்ரீவீல் மாட்டியிருந்தார். ஒரு சுற்றுக்கு 4.4 மீட்டர்தான். சமதரையில் எல்லோரும் அவரை முந்துவார்கள். கரையில் ஒருவரும் முந்த முடியாது. ஒரு மீட்டரை விட்டுக்கொடுத்து மூச்சை வாங்கிக்கொண்டார்.

இன்றைக்கு என் வண்டியில் முன்னால் 34, பின்னால் 34 வரை இருக்கிறது. ஒரு சுற்றுக்கு 2.1 மீட்டர். நிமிடத்துக்கு எழுபது சுற்று போட்டால் மணிக்கு ஒன்பது கிலோமீட்டர்கூட வராது. வரட்டுமே! அந்த வேகத்தில் மூச்சு இரைக்காமல், முழங்கால் வலிக்காமல், பக்கத்தில் வருகிறவரோடு பேசிக்கொண்டே ஏறலாம். லேசான பல், வேகமான கால். கனமான பல்லைப் போட்டு முக்கி முக்கி மிதிப்பதை வீரம் என்று நினைக்கிறார்கள். அந்த வீரத்துக்கு முழங்கால்தான் விலை கொடுக்கிறது.

இதையே உலகத்துக்குக் காட்டிய ஒருவர் இருந்தார். சார்லி கோல், லக்ஸம்பர்க் நாட்டுக்காரர். 'மலைகளின் தேவதூதன்' என்றே பெயர். லேசான கியரில், மற்றவர்களைவிட வேகமாகக் காலைச் சுற்றியே ஏறுவார். 1956 ஜூன் 8, இத்தாலியச் சுற்றுப் போட்டியில் மான்டே பொண்டோனே மலை. ஜூன் மாதத்தில் பனிப்புயல். குளிர் தாங்காமல் எத்தனையோ பேர் போட்டியை விட்டே விலகினார்கள். காலையில் பதினாறு நிமிடம் பின்தங்கியிருந்த கோல், உச்சிக்கு வந்து சேர்ந்தபோது போட்டி முழுமைக்குமே முதலாவதாக இருந்தார். அந்தப் பட்டத்தையும் வென்றார். 1958-இல் பிரான்ஸ் சுற்றையும் வென்றார். பெரிய வீரர்தான். ஆனாலும் நேயர்களே, அவர் பின்னால் நாற்பது லிட்டர் பால் இல்லை. என் மனதில் பெரியப்பாவுக்கு அடுத்துத்தான் அவர்.

மல்லப்புரத்துக்கு வருகிறேன். முதன்முதலில் அந்த மலைச்சாலையில் ஏறிய அன்று நான் இதையெல்லாம் மறந்துவிட்டேன். முன்னால் போனவர்களைப் பார்த்ததும் எழுந்து நின்று மிதித்தேன். மூன்றாவது வளைவில் நெஞ்சு அடைத்து, காலை ஊன்றிவிட்டேன். கண்ணை மூடி நின்றபோதுதான் அந்தக் கண்மாய்க் கரையும் கறுப்பு வண்டியும் நினைவுக்கு வந்தன. ஏறி உட்கார்ந்தேன். கைப்பிடியை இறுக்கிய விரல்களைத் தளர்த்தினேன். தோளை இறக்கினேன். பின்னால் இரண்டு கேன் இருக்கிறது என்று வைத்துக்கொண்டேன். அப்புறம் மேலே போய்த்தான் இறங்கினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அதே வளைவுப் பக்கம்தான் அந்தத் தம்பியும் நின்றான். முகம் சிவந்து, பேச வரவில்லை. நான் அவன் திரையைத் துணியால் மூடினேன். பாட்டிலில் பாதித் தண்ணீர் இருந்தது. "இந்தத் தண்ணி சத்தம் கேட்கக் கூடாது. அவ்வளவுதான்" என்றேன். கடைசிப் பல்லுக்கு மாற்றி ஏறினான். முதலில் சளக், சளக். இரண்டு வளைவுக்குப் பிறகு செயின் ஓடும் சத்தமும் குருவிச் சத்தமும் மட்டும். மேலே நின்று பார்த்தபோது, காலையில் கடந்துவந்த கண்மாய்கள் வெயிலில் துண்டு துண்டாக மின்னின. எவ்வளவு நேரம் ஆயிற்று என்று அவன் கேட்கவில்லை.

திரும்பும்போது சாயங்காலம் ஆகிவிட்டது. களைத்த கண்ணுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் தூரத்திலேயே தெரிந்தது. 192 அடி உயரம் எதற்கு என்று சைக்கிளில் வருகிறவனுக்குத்தான் புரியும். பால்கோவா வாங்கி இலையில் வைத்துத் தின்றோம். 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய பால்கோவா. அந்தப் பாலையும் ஒரு காலத்தில் யாரோ அலம்பாமல் கொண்டுவந்து சேர்த்தார்கள் என்று எனக்குள் நினைத்துக்கொண்டேன்.

முடிக்குமுன் ஒரு வேலை கொடுக்கிறேன். வீட்டில் தூக்குவாளி இருக்கும். முக்கால் வாளி தண்ணீர் ஊற்றி, மூடாமல், கைப்பிடியில் மாட்டிக்கொண்டு உங்கள் ஊர்க் கண்மாய்க் கரையில் ஏறிப் பாருங்கள். மேலே போய் வாளியைப் பாருங்கள். தண்ணீர் குறைந்திருந்தால் இறங்கி, மறுபடி நிரப்பி, மறுபடி ஏறுங்கள். குறையாமல் ஏறிய அன்று மல்லப்புரத்துக்குப் புறப்படலாம்.